தாழ்தளப் பேருந்து: அம்மாவோடு ஐந்து மாதம் போய்வந்த பிறகு

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. போன வருடம் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பிசியோதெரபிக்குப் போகவேண்டும். நாங்கள் இருப்பது சென்னையில் அடையாறு பக்கம், போகவேண்டிய இடம் நகரத்தின் நடுவில். முதல் மாதம் ஆட்டோவில் போனோம். போக வர நானூறு ரூபாய் ஆனது. அதைக்கூட விடுங்கள், ஒவ்வொரு வேகத்தடையிலும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. பஸ்ஸில் போகலாம் என்று சொன்னது அம்மாதான். நான் முடியவே முடியாது என்றேன். பழைய பஸ்ஸின் முதல் படிக்கே காலை எவ்வளவு தூக்க வேண்டும் என்று தெரியும், அதற்கு மேல் இன்னும் இரண்டு படி, ஏறி முடிப்பதற்குள் வண்டி நகர ஆரம்பித்திருக்கும்.

"படியே இல்லாத பஸ்ஸு ஒண்ணு ஓடுதேம்மா, அதுல ஒரு தடவை போய்ப் பாப்போம்" என்றார்.

போய்ப் பார்த்தோம். ஐந்து மாதம் ஆகிறது, நாற்பது தடவையாவது போய்வந்திருப்போம். வீட்டில் மூட்டு வலிக்காரர்கள் இருப்பவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு இதெல்லாம் நமக்குச் சரிப்படுமா என்று யோசிப்பவர்கள், எல்லோருக்கும் உதவும் என்றுதான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் நாளை அப்படியே சொல்கிறேன். பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் அம்மாவின் கையில் இருந்த தடியைப் பார்த்தார். 'புஸ்' என்று காற்று இறங்கும் சத்தம் கேட்டது, வண்டி அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்து கொடுத்தது. நுகத்தடியை வைப்பதற்காக வண்டி மாடு கழுத்தைத் தாழ்த்துமே, அந்த மாதிரி. பிசியோதெரபியில் அம்மாவுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். அம்மா வாய்க்குள் 'நல்ல கால், நல்ல கால்' என்று சொல்லிக்கொண்டே இடது காலை உள்ளே வைத்தார், தடியை வைத்தார், கம்பியைப் பிடித்தார், வலது காலை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான், உள்ளே இருந்தார். நான் பின்னால் கை நீட்டியபடியே நின்றிருந்தேன், அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. உட்கார்ந்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், வேலைக்குப் போன காலத்தில் 29சி-யில் பெரம்பூர்க் கூட்டத்தோடு முட்டி மோதி ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்த அந்தப் பழைய அம்மாவை அந்த முகத்தில் பார்த்தேன்.

படியே இல்லாமல் இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நான் பின்னால் சொல்லப்போகும் குறைக்கும் காரணம் அதே கணக்கில்தான் இருக்கிறது. நம் ஊரில் நெடுங்காலமாகப் பேருந்து என்றால் லாரிக்குப் போடும் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய கூண்டுதான். எஞ்சின் முன்னால், அச்சும் கியரும் அடியில், அதற்கு மேல் பலகை. அதனால் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மி.மீ. உயரத்தில் இருக்கும். நகரப் பேருந்துகளுக்கான ஒன்றிய அரசின் அளவுகளில் மூன்று தரம் உண்டு: 900, 650, 400. இதில் 400 மி.மீ. உயரம் உள்ளதைத்தான் தாழ்தளம் என்கிறோம். எஞ்சின் பின்னால் போய்விடுகிறது, முன்வாசலிலும் நடுவாசலிலும் படி கிடையாது, வில்பட்டைக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் காற்றுப் பையில் இருந்து காற்றைக் கொஞ்சம் இறக்கினால் வாசல் பக்கம் இன்னும் சில சென்டிமீட்டர் தாழும். நடுவாசலில் மடித்து வைத்த சாய்வுப் பலகை இருக்கிறது. அதை எடுத்துப் போட்டால் சக்கர நாற்காலி அப்படியே உருண்டு உள்ளே போகலாம். உள்ளே அதற்கென்று இடமும், கட்டிக்கொள்ளப் பட்டையும் உண்டு.

இந்த வண்டி சும்மா வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக இந்த ஊரில் பல வருடமாகக் குரல் கொடுத்து வருகிறவர்கள் இதற்காக சென்னை உயர் நீதிமன்றப் படி ஏறினார்கள். வைஷ்ணவி ஜெயக்குமார் தொடுத்த பொதுநல வழக்கு அதில் முக்கியமானது. நம் சாலை மேடு பள்ளமாக இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, வேகத்தடையில் அடி தட்டும், தாழ்தளம் இங்கே சரிப்படாது என்றெல்லாம் எதிர்த் தரப்பில் வாதம் வைக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுப் போக்குவரத்து எல்லோரும் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது, அதைக் காட்டி இவர்கள் விடாமல் நின்றார்கள். 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தள வண்டிகள் சென்னைச் சாலையில் இறங்கின. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சாரப் பேருந்துகள், அதே ஆகஸ்டில் பெரும்பாக்கத்தில் இருந்து ஏசி வண்டியும் சேர்த்து இன்னும் கொஞ்சம், எல்லாமே தாழ்தளம். எங்கள் அம்மா அந்த வழக்கைப் பற்றி ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனால் அவர் காலை உள்ளே வைத்த ஒவ்வொரு முறையும் நான் அவர்களை நினைத்துக்கொள்கிறேன். சக்கர நாற்காலிக்காரர்கள் கேட்டு வாங்கியதில் என் அம்மா ஏறுகிறார், பக்கத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி ஏறுகிறாள், மூன்று வயதுக் குழந்தை யார் கையையும் பிடிக்காமல் தானே தாவி ஏறுகிறது.

வண்டியின் உள்ளே நல்லது என்று சொல்ல நிறைய இருக்கிறது. கம்பியிலேயே நிறுத்தச் சொல்லும் பொத்தான் இருக்கிறது, எழுந்து போய் மணி அடிக்க வேண்டியதில்லை. பழைய வண்டியில் பானட் சூட்டில் பக்கத்தில் உட்கார முடியாது, இதில் அந்தத் தொல்லை இல்லை. காற்றுப் பையின் புண்ணியத்தில் குலுக்கல் குறைவு. ஆட்டோவில் பல்லைக் கடித்த அதே வேகத்தடையை அம்மா இதில் கவனிக்கக்கூட இல்லை. மின்சார வண்டியாக அமைந்துவிட்டால் இன்னும் சுகம், சத்தமே இல்லை, பின்சீட்டில் இரண்டு பேர் பேசும் குடும்பக் கதை முழுக்க முன்சீட்டுக்குக் கேட்கிறது.

குறை என்று பார்த்தால், படியில்லாத பகுதியில் இருக்கைகள் குறைவு. பின்பாதி சீட்டுக்கு மேடை ஏறித்தான் போக வேண்டும். இந்த அமைப்புக்கே உள்ள குணம் அது, அடியில் எஞ்சினும் அச்சும் எங்கேயாவது இருந்தாகணும். அதனால் தெம்பாக இருப்பவர்கள் பின்னால் போய் உட்கார்ந்தால்தான் முன்பகுதி தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைக்கும். கேட்டால் எழுந்து கொடுக்கிறார்கள், நாற்பது தடவையில் ஒரு தடவைகூட யாரும் முகம் சுளித்தது இல்லை. ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மா மாதிரி ஆட்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். நான் கூட இருப்பதால் கேட்கிறேன்.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. அடிக்கடி போகிறவர்களுக்கு 1,000 ரூபாய் மாதச் சீட்டு இருக்கிறது, ஏசி வண்டியும் சேர வேண்டுமென்றால் 2,000. 2025 செப்டம்பர் 22-ல் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம், வண்டி எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டிக்கு வண்டி கட்டணம் மாறும், ஏறுமுன் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக வண்டிக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் நாம் ஏறுவது வண்டியில் மட்டுமா? நிறுத்தத்திலிருந்து ஏறுகிறோம், இன்னொரு நிறுத்தத்தில் இறங்குகிறோம், இரண்டு பக்கமும் நடக்கிறோம். அந்தப் பகுதிக்கு ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பக்கத்து நிறுத்தம் நன்றாக இருக்கிறது. நடைபாதை சாலையை விட ஒரு சாண் உயரத்துக்கும் குறைவு, நிழற்குடை உண்டு, முன்னால் எந்த வண்டியும் நிற்பதில்லை. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் பாதசாரிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் நடைபாதையின் உயரம் 150 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. இப்போது கணக்குப் போடுங்கள். தளம் 400, நடைபாதை 150, மீதி 250. வண்டி சாய்ந்து கொடுத்தால் அதிலும் குறைந்து ஏறக்குறைய வீட்டு வாசல்படி அளவுக்கு வந்துவிடும். வண்டி ஓரமாக அணைத்து நின்றால் அம்மா சாலையில் கால் வைக்காமலே பஸ்ஸுக்குள் போய்விடலாம்.

இறங்கும் நிறுத்தம் அப்படி இல்லை. எந்த இடம் என்று சொல்ல வேண்டாம், சொன்னால் அந்த ஒரு இடத்துக்குத்தான் பிரச்சினை என்று ஆகிவிடும், உங்கள் ஏரியாவிலும் இதே மாதிரி நாலு இருக்கும். நிழற்குடைக்குப் பின்னால் ஒரு பெரிய கடை. கடைக்கு வருகிறவர்களின் பைக்குகள் நிழற்குடைக்கு முன்னால், சாலையில், வரிசையாக நிற்கும். அதற்கு அடுத்து ஷேர் ஆட்டோக்கள் ஆளுக்காகக் காத்து நிற்கும். பஸ் வேறு வழியில்லாமல் அதற்கும் அப்பால், கிட்டத்தட்ட நடுரோட்டில் நிற்கும். ஓட்டுநர் நல்ல மனுஷர், வண்டியைச் சாய்த்தும் கொடுக்கிறார். ஆனால் வண்டி எதன் பக்கம் சாய்கிறது? நடைபாதை ஒரு பக்கம் இருக்க, அது வெறும் தாரைப் பார்த்துத்தான் சாய்கிறது. அம்மா சாலையில் இறங்கி, அந்த ஆட்டோக்களுக்கும் பைக்குகளுக்கும் இடையில் சந்து பார்த்து நுழைந்து, அப்புறம் நடைபாதைக்கு வந்தால் அது ஒன்றரை அடி உயரம். கை பிடித்து ஏறக் கம்பி கிடையாது, சாய்வு கிடையாது. பஸ்ஸில் இல்லாத படியைக் கொண்டுவந்து நடைபாதையில் வைத்திருக்கிறோம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா ஆபரேஷன் ஆன காலைக் கீழே வைத்துவிட்டார், தடியை ஊன்றப் போகிறார், அந்த நொடியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இடது பக்கமாக ஒரு பைக் புகுந்து வந்தது. கண்ணாடி தடியில் பட்டுத் தடி பறந்தது. அம்மா வாசல் கம்பியை விடாமல் பிடித்திருந்ததால் விழவில்லை. பைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பதினெட்டு வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு, அவனும் பயந்திருப்பான். அங்கே பூக்கடை போட்டிருக்கும் அக்காதான் ஓடிவந்து தடியை எடுத்துக் கொடுத்து, அம்மாவைத் தன் ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கு அம்மா ஒன்றுமே பேசவில்லை. வீட்டுக்கு வந்தபின், "இனிமே ஆட்டோவுலயே போலாமா?" என்றார். ஐந்து மாதத்தில் எனக்கு மிகவும் வலித்த கேள்வி அதுதான்.

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, நாட்டிலேயே அதிகம். உயிர் விட்டவர்கள் 17,884 பேர். செய்தித்தாளில் இதைப் படிக்கும்போதெல்லாம் நெடுஞ்சாலை, லாரி, குடிபோதை என்றுதான் மனம் போகும். இப்போது எனக்கு அந்த பைக் கண்ணாடியும் பறந்த தடியும்தான் கண்ணில் வருகின்றன. அம்மா விழுந்திருந்தால் அந்த எண்ணிக்கையில் ஒன்றாகக்கூட ஆகியிருக்கலாம்.

இதில் ஓட்டுநரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பஸ்ஸின் நீளம் 12 மீட்டர். பைக் மாதிரி சந்தில் சொருக முடியாது. ஓரமாக, நேராக அணைத்து நிற்க வேண்டுமென்றால் முன்னாலும் பின்னாலும் காலி இடம் வேண்டும். நிறுத்தத்தின் முன்னால் ஒரே ஒரு பைக் நின்றாலும் போதும், முன்வாசல் ஓரத்துக்கு வந்தால் நடுவாசல் ஒரு மீட்டர் தள்ளி நிற்கும். சக்கர நாற்காலிக்கான பலகை இருப்பது அந்த நடுவாசலில்தான். ஒரு பைக்கை அங்கே நிறுத்துகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அஞ்சு நிமிஷம்தானே என்று நினைக்கிறார். அவருக்கு அஞ்சு நிமிஷம், நாள் பூராவும் யாராவது ஒருவருடைய அஞ்சு நிமிஷம் அங்கே நின்றுகொண்டே இருக்கிறது.

இன்னொன்று, பஸ் ஒதுங்கி நிற்பதற்கென்று சாலை ஓரத்தைக் குடைந்து குழி மாதிரி இடம் விடுகிறோமே, அதுவும் பல இடங்களில் உதவுவதில்லை என்பது ஐந்து மாதம் கவனித்ததில் எனக்குப் புரிந்தது. நடைபாதையை வெட்டித்தான் அந்த இடம் கிடைக்கிறது, நிற்கிறவர்களுக்கு இடம் குறைகிறது. பஸ் இல்லாத நேரத்தில் அது இலவச பார்க்கிங் ஆகிவிடுகிறது. உள்ளே போன பஸ் மறுபடி வரிசையில் சேர யாராவது வழிவிட வேண்டும், நம் ஊரில் யார் விடுகிறார்கள்? அதனால் ஓட்டுநர்கள் உள்ளே போவதே இல்லை. தெரு வடிவமைப்பவர்கள் இதற்கு நேர்மாறான ஒரு வழி சொல்கிறார்கள்: நிறுத்தத்தில் நடைபாதையை வெளியே நீட்டிக்கொண்டு வந்து பஸ் போகும் தடத்தோடு சேர்த்துவிடுவது. பஸ் ஒதுங்கவே வேண்டாம், தன் தடத்திலேயே நின்று ஏற்றிக்கொண்டு கிளம்பலாம். பின்னால் வரும் கார் இருபது வினாடி காத்திருக்கட்டும். பஸ்ஸில் அறுபது பேர் இருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் நம் ஊரில் முடியாது என்று சொல்கிறவர்கள் தி.நகர் பாண்டி பஜாருக்குப் போய்ப் பாருங்கள். 2019 நவம்பரில் அந்த நடைபாதை வளாகத்தைத் திறந்தபோது வியாபாரம் படுத்துவிடும், பார்க்கிங்குக்கு எங்கே போவது என்று எத்தனை பயம். இன்றைக்குத் தீபாவளி நேரத்தில் அங்கே நிற்க இடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வேண்டுமென்றே அங்கே கூட்டிப்போனேன். மேடு பள்ளம் இல்லாமல் நடந்தார், கால் வலித்தபோது உட்கார இடம் இருந்தது, மறுபடி நடந்தார், ஒரு புடவை எடுத்தார், ஐஸ்கிரீம் வேண்டும் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியில் அவர் அவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தான். பிசியோதெரபிக்காரர் கேட்டால் சந்தோஷப்படுவார். பராமரிப்பு இன்னும் நன்றாக இருக்கலாம், ஆனால் தெருவை அப்படிப் போட முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே சாட்சி.

எழுத்தில் பார்த்தால் சென்னை பின்தங்கிய ஊரே கிடையாது. 2014-லேயே மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது, நாட்டில் அப்படிச் செய்த முதல் நகரம் நாம்தான். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதத்தை அதற்குச் செலவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல கொள்கை, நிறுத்தத்துக்கு வந்து சேர வேண்டும். பஸ் வாங்குவது ஒருவர், நிழற்குடையும் நடைபாதையும் இன்னொருவர், பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, பைக்கை அகற்ற போக்குவரத்துக் காவல், நடைபாதை நடுவில் நிற்கும் பில்லர் பாக்ஸுக்கு மின்வாரியம், மெட்ரோ தோண்டினால் அவர்கள். ஐம்பது மீட்டர் தெருவுக்கு இத்தனை வாசல். இதையெல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் 2010-ல் கும்டா என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்து முதல் கூட்டம் நடந்தது 2022-ல். டிக்கெட்டை அவர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள், அது உண்மையிலேயே பெரிய காரியம். அடுத்து நிறுத்தத்தை ஒன்றாக்க வேண்டும். புதிதாக ஒரு தாழ்தள வண்டி ஒரு வழித்தடத்தில் இறங்குகிறது என்றால், அந்த வழித்தடத்தில் இருக்கும் எல்லா நிறுத்தமும் முதலில் தயாராகணும். வண்டியையும் நிறுத்தத்தையும் ஒரே பொருளாகப் பார்க்க வேண்டும், செருப்பு வாங்கினால் இரண்டு காலுக்கும்தானே வாங்குகிறோம்.

வண்டிகளின் எண்ணிக்கையும் போதாது. லட்சம் பேருக்கு 60 பேருந்து இருந்தால் முதல் தரம் என்பது ஒன்றிய நகர்ப்புற அமைச்சகத்தின் அளவுகோல். சென்னையில் மூவாயிரத்துச் சொச்சம் ஓடுகின்றன, புறநகரையும் சேர்த்தால் நாம் கோடிப் பேர். பாதியை ஒட்டித்தான் இருக்கிறோம். கூட்டம் பிதுங்கும் வண்டியில் தளம் தாழ்வாக இருந்து என்ன, கால் வைக்க இடம் வேண்டாமா? அதனால்தான் பைக் வாங்குகிறார்கள், அந்த பைக்குதான் நிறுத்தத்தின் முன்னால் வந்து நிற்கிறது.

நடைபாதைக் கடைகளை அகற்றினால் எல்லாம் சரியாகும் என்று சிலர் எழுதுவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பூக்கடை அக்கா இல்லையென்றால் அன்றைக்கு அம்மாவை யார் தாங்கிப் பிடித்திருப்பார்கள்? இப்போதும் நாங்கள் திரும்பும் நேரத்துக்கு எதிர்ப் பக்கம் வண்டி வளைவில் தெரிந்தாலே "அம்மா, உங்க பஸ்ஸு" என்று குரல் கொடுப்பவர் அவர்தான். இருட்டிய பின் அந்த நிறுத்தத்தில் ஒரு பெண் தனியாக நிற்க முடிகிறது என்றால் அவருடைய விளக்கு எரிவதால்தான். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் சட்டமே இருக்கிறது. நடக்க 1.8 மீட்டர் தடையில்லாமல் விட்டுவிட்டு மிச்சத்தில் அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தால் இரண்டும் நடக்கும். அவர் கூடை அடைப்பது இரண்டடி. பைக் வரிசை அடைப்பது முப்பதடி.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வண்டி தூரத்தில் தெரியும்போதே கையைத் தூக்குங்கள், தடியோ குழந்தையோ இருந்தால் ஓட்டுநர் கண்ணில் படுகிற மாதிரி நில்லுங்கள். சாய்க்கவில்லை என்றால் "சார், கொஞ்சம் சாய்ச்சுக் கொடுங்க" என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம், அதற்காகத்தான் அந்தப் பொத்தான். சக்கர நாற்காலி என்றால் நடுவாசலுக்கு நேராக நின்று நடத்துநரிடம் பலகை போடச் சொல்லுங்கள். காலை எட்டிலிருந்து பத்தரை வரை தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், நாங்கள் நேரத்தைப் பதினொன்றுக்கு மாற்றிக்கொண்டோம். பேருந்து சம்பந்தமாகச் சொல்ல 149, நடைபாதை, நிழற்குடை என்றால் மாநகராட்சியின் 1913. சொல்லிவிட்டுப் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி கேட்க அது இல்லாமல் முடியாது.

போன் போட்டதோடு நாங்கள் நிற்கவில்லை. வார்டில் ஏரியா சபை, அதாவது அந்தப் பகுதி மக்கள் குறைகளைச் சொல்லும் கூட்டம், கூடுகிறது என்று தெரிந்து, அம்மாவோடு பிசியோதெரபிக்கு வரும் இன்னும் நாலு பேர், பூக்கடை அக்கா, நான், எல்லோருமாகப் போனோம். வெறும் கையோடு போகவில்லை. நிறுத்தத்தை டேப்பால் அளந்து, நடைபாதை எவ்வளவு உயரம், பைக் வரிசை எவ்வளவு நீளம், பஸ் நடைபாதையை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கோடு போட்ட தாளில் படம் வரைந்து எடுத்துப் போனோம். படத்தைப் பார்த்தபின் யாரும் எங்களிடம் வாதம் செய்யவில்லை. கடைக்காரரிடமும் அதே படத்தைக் காட்டினோம், தன் வாடிக்கையாளர்களின் பைக்கைப் பக்கத்துச் சந்துக்குத் திருப்பிவிட ஒரு ஆளைப் போடுகிறேன் என்றார், போட்டுவிட்டார். மூன்று வாரம் முன்பு நடைபாதையின் ஒரு முனையை உடைத்துச் சாய்வாக்கிக் கொடுத்தார்கள். ஷேர் ஆட்டோக்கள் பத்தடி தள்ளிப் போயின, முழுசாகப் போகவில்லை.

போன செவ்வாய் பஸ் ஓரத்துக்கு வந்து நேராக அணைத்து நின்றது. காற்று இறங்கியது, வண்டி சாய்ந்தது. அம்மா சாய்வுக்கு நேராக, தடியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

இது போகும் பக்கம். திரும்பி வரும்போது ஏறும் எதிர்ப் பக்க நிறுத்தம் இன்னும் பழைய மாதிரியேதான் இருக்கிறது, அங்கே நிழற்குடைக்கு முன்னால் மழைநீர் வடிகால் மூடியும் ஒன்று பெயர்ந்து கிடக்கிறது. அதற்கான மனுவை அடுத்த சபையில் கொடுக்கப் போகிறோம். அளவெடுக்க வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போகிறேன். எங்கள் வார்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் வாருங்கள், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.